கண்ணில் காகிள்ஸ், மடியில் டேப்லெட்: ட்ரோன் கேள்வி பதில்

வீடியோ காகிள்ஸையும் (ட்ரோன் கேமராவின் படத்தைக் கண் முன்னே காட்டும், முகத்தில் மாட்டும் கருவி) டேப்லெட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது பற்றியே இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் புரோ ட்ரோன் வைத்திருக்கிறேன். ரிமோட்டில் டேப்லெட் மாட்டித்தான் இதுவரை ஓட்டினேன். 2017-இல் வந்த வெள்ளை நிற டிஜேஐ காகிள்ஸ் இப்போது கைக்கு வந்திருக்கிறது. அதை இணைத்தால் டேப்லெட்டைக் கழற்றிவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. மேவிக் புரோவில் காகிள்ஸ் ரிமோட்டிடமிருந்து படத்தை வாங்குவதில்லை. ட்ரோன் ஆக்குசிங்க் என்ற டிஜேஐயின் வயர்லெஸ் முறையில் அனுப்பும் சிக்னலை ரிமோட் ஒரு பக்கம் பிடிக்கிறது, காகிள்ஸ் இன்னொரு பக்கம் தன் சொந்த ஆன்டெனாவால் பிடிக்கிறது. ரிமோட்டோடு கேபிளில் இருக்கும் டேப்லெட்டுக்கு இதனால் ஒரு இடைஞ்சலும் இல்லை. இரண்டிலும் படம் ஓடும். ட்ரோனை ஓட்டும் ஸ்டிக்குகளின் கட்டளை எப்போதும் போல ரிமோட்டிலிருந்தே போகும்.

முதல் முறை காகிள்ஸை ட்ரோனோடு லிங்க் செய்ய வேண்டும். காகிள்ஸ் மெனுவில் லிங்க் செய்யும் பகுதியைத் திறந்துவிட்டு, ட்ரோனில் உள்ள லிங்க் பட்டனை அழுத்துங்கள். அதற்கு முன்பே ட்ரோன், ரிமோட், காகிள்ஸ் மூன்றின் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். ஒன்று புதியது, ஒன்று பழையது என்று இருந்தால் லிங்க் ஆகாது. அல்லது லிங்க் ஆகியும் திரை கறுப்பாகவே நிற்கும். இதையெல்லாம் இணைய வசதி உள்ள இடத்தில் முடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போவது நல்லது.

பறக்கும் நாளில் ரிமோட், ட்ரோன், டேப்லெட் ஆப் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். ஹோம் பாயின்ட் (ட்ரோன் தானாகத் திரும்பி வரும் இடம்) பதிவானதை டேப்லெட்டில் பார்த்த பிறகு காகிள்ஸை ஆன் செய்தால் போதும். ஹோம் பாயின்ட் எங்கே விழுந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் சரிபார்ப்பது டேப்லெட்டில் எளிது, காகிள்ஸில் சள்ளை.

மேவிக் புரோ ரிமோட்டில் இன்னொரு விஷயம். டேப்லெட்டை அடியில் இருக்கும் பெரிய யூஎஸ்பி துளையில் மாட்டினால், பக்கவாட்டு மைக்ரோ யூஎஸ்பி துளையில் எதையும் செருகக் கூடாது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. டேப்லெட்டுக்காக வாங்கும் பிராக்கெட், ரிமோட்டின் ஆன்டெனாக்களுக்கு முன்னால் டேப்லெட்டை நிறுத்துகிறதா என்றும் பாருங்கள். அலுமினிய முதுகு கொண்ட டேப்லெட் ஆன்டெனாவை மறைத்தால் தூரம் குறையும். பழி ட்ரோன் மேல் விழும்.

கேள்வி: டிஜேஐ பான்டம் 4 ட்ரோனில் அதே வெள்ளைக் காகிள்ஸ். காகிள்ஸை மாட்டினால் டேப்லெட்டுக்குத் துளை இல்லை. டேப்லெட்டிலிருந்து எச்டிஎம்ஐ அடாப்டர் வழியாகக் காகிள்ஸுக்குக் கொண்டுபோகலாமா?

பான்டம் 4 வேறு வகை. அதன் சிக்னலைக் காகிள்ஸ் காற்றில் பிடிக்க முடியாது. ரிமோட்டின் யூஎஸ்பி துளையில் கேபிளால்தான் இணைக்க முடியும். இருப்பது ஒரே துளை. காகிள்ஸ் உட்கார்ந்தால் டேப்லெட்டுக்கு இடமில்லை.

நீங்கள் சொல்லும் அடாப்டர் வழி வேண்டாம். டேப்லெட்டின் ஒரே துளையை ரிமோட் கேபிள் ஏற்கெனவே பிடித்திருக்கும். ஐபேடின் லைட்னிங் அடாப்டரில் கூடுதலாக ஒரு துளை இருந்தாலும் அது சார்ஜ் ஏற்றத்தான். மேலும் அந்த அடாப்டர் படத்தை மறுபடி சுருக்கி, மறுபடி விரித்து அனுப்புகிறது. ஏற்கெனவே தாமதமாக வந்த படம் இன்னும் தாமதமாகும்.

சரியான வழி ரிமோட்டிலிருந்தே எச்டிஎம்ஐ எடுப்பது. பான்டம் ரிமோட்டுக்கு எச்டிஎம்ஐ மாட்யூல் தனியாக வந்தது. அதைப் பொருத்தினால் யூஎஸ்பியில் டேப்லெட், எச்டிஎம்ஐயில் காகிள்ஸ் என்று பிரிக்கலாம். டிஜேஐயின் இன்ஸ்பயர் 1 ட்ரோன் ரிமோட்டில் எச்டிஎம்ஐ உள்ளேயே இருக்கிறது. திரை பொருத்திய ஆர்சி புரோ ரிமோட்டில் மினி எச்டிஎம்ஐ இருக்கிறது. ஆர்சி 2 ரிமோட்டில் கிடையாது. கேபிள் வாங்கும்போது இரு முனைகளையும் பாருங்கள். அந்த வெள்ளைக் காகிள்ஸில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. மினியும் மைக்ரோவும் வேறு வேறு.

இணைத்த பின்னும் திரை கறுப்பாக இருந்தால் பத்தில் எட்டு முறை காரணம் ரெசல்யூஷன்தான். பழைய காகிள்ஸ் பலவும் 720p-க்கு மேல் ஏற்காது. ரிமோட் 1080p அனுப்பினால் ஒன்றும் தெரியாது. டேப்லெட் ஆப்பில் எச்டிஎம்ஐ அமைப்புக்குப் போய் 720p 60 என்று மாற்றிப் பாருங்கள். பிறகு 50. அதற்கும் படியாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான, தடிமனான கேபிள் வேண்டாம். தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் துளையை நெம்பும். கேபிளின் ஒரு வளையத்தைக் காகிள்ஸ் பட்டையில் வெல்க்ரோவால் கட்டிவிட்டால், இழுப்பு பட்டை மேல் விழும், துளை பிழைக்கும்.

கேள்வி: டேப்லெட்டில் தெரிவதும் காகிள்ஸில் தெரிவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. எதை நம்பி ஓட்டுவது?

முன்னால் நகரும் படத்தை. பெரும்பாலும் அது காகிள்ஸ்தான். டேப்லெட்டுக்கு வரும் படம் ரிமோட்டில் இறங்கி, யூஎஸ்பி ஏறி, ஆப்பில் விரிந்து, டேப்லெட்டின் இயங்குதளம் இடம் கொடுத்த பிறகே திரைக்கு வருகிறது. பழைய டேப்லெட்டாக இருந்தால் இந்தக் கடைசிக் கட்டத்தில் இன்னும் சறுக்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்பதற்குச் சில எண்கள். மினி 3 புரோ போன்ற ட்ரோனின் படம் ரிமோட் வழியாகத் திரைக்கு வர, தயாரிப்பாளர் சொல்லும் தாமதம் சுமார் 120 மில்லி விநாடி. டிஜேஐயின் அவாட்டா 2 ட்ரோனும் காகிள்ஸ் 3-உம் சேரும்போது, 1080p 100 ஃபிரேமில் அது 24 மில்லி விநாடி வரை குறையும். ட்ரோன் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 120 மில்லி விநாடியில் 1.2 மீட்டர் தாண்டியிருக்கும். 24-இல் 24 சென்டிமீட்டர். வெட்டவெளியில் மெதுவாகப் படம் எடுப்பவருக்கு 1.2 மீட்டர் பொருட்டே இல்லை. மரக்கிளைகளுக்கு நடுவே நுழைபவருக்கு அந்தத் தூரத்தில் ஒரு கிளை இருக்கும்.

உங்கள் கருவிகளில் எவ்வளவு என்று அளந்துவிடலாம். ப்ரொப்பெல்லர்களைக் கழற்றுங்கள். ஒரு போனில் நூறில் ஒரு விநாடி காட்டும் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு ட்ரோன் கேமரா முன் வையுங்கள். அந்தப் போனும் டேப்லெட் திரையும் ஒரே ஃபிரேமில் விழும்படி இன்னொரு போனால் படம் எடுங்கள். இரு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே தாமதம். காகிள்ஸுக்கும் இதே முறை. முகம் இல்லாவிட்டால் திரையை அணைக்கும் சென்சார் லென்ஸ்களுக்கு நடுவே இருக்கும், அதை ஒரு துணித்துண்டால் மூடிவிட்டு ஒரு லென்ஸ் வழியாகப் படம் எடுங்கள். பத்துப் படம் எடுத்துச் சராசரி பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் மாறும் என்பதால் ஒற்றைப் படத்தை நம்ப முடியாது. தரையில் காற்றோட்டம் இல்லாமல் ட்ரோன் சூடேறும். ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: தனியாகத்தான் பறக்கவிடுகிறேன். காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றி டேப்லெட்டைப் பார்ப்பது, மறுபடி இறக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்கிறேன். இது சரிதானா?

சரியில்லை. இருட்டறையிலிருந்து வெளியே வந்தவர் போலத்தான் காகிள்ஸைத் தூக்கியவரின் கண். வெயிலில் டேப்லெட் திரை தெளிவதற்கே சில விநாடி போகும். வானத்தில் ட்ரோனைத் தேடிப் பிடிக்க இன்னும் சில விநாடி. அதுவரை ட்ரோனை யாரும் பார்க்கவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவின் ட்ரோன் விதியான பார்ட் 107, ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரோன் விதியான 2019/947 இரண்டுமே ட்ரோனை வெறும் கண்ணால் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. ஓட்டுபவர் காகிள்ஸ் போட்டால், அந்த வேலைக்கு ஒரு பார்வையாளர் வேண்டும். ஐரோப்பிய விதியில் அவர் ஓட்டுபவரின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நீங்கள் பறக்கவிடும் இடத்தின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி அவர் கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். டேப்லெட்டைக் குனிந்து பார்ப்பவர் பார்வையாளர் ஆக மாட்டார். காகிள்ஸில் தெரியும் அதே காட்சியைத்தான் அவரும் பார்க்கிறார். அந்தக் காட்சியில் வராதவை பின்னால் வரும் பருந்து, பக்கவாட்டில் இருக்கும் மின்கம்பி, கீழே வந்து நிற்கும் ஆள். அவர் கண் வானத்தில் இருக்கட்டும். உயரம், தூரம், பேட்டரி மூன்றும் காகிள்ஸிலேயே ஓரமாகத் தெரியும், டேப்லெட் அதற்குத் தேவையில்லை.

அப்படியானால் டேப்லெட் எதற்கு? வரைபடத்துக்கு, பறப்பதற்கு முன் அமைப்புகளை மாற்ற, பிறகு ஏதாவது நடந்தால் உடனே கை நீட்ட. மூன்றாவது ஆள் இருந்தால் அவரிடம் கொடுங்கள். இருவர் மட்டும் என்றால் ரிமோட்டிலேயே இருக்கட்டும். திசை தெரியாமல் போனால் ட்ரோனை நிறுத்தி மிதக்கவிட்டு, அதன் பிறகு காகிள்ஸைத் தூக்குங்கள். நகரும்போது தூக்கக் கூடாது. தனியாக இருக்கும் நாளில் காகிள்ஸ் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் டேப்லெட்டைப் பார்த்து ஓட்ட, நண்பர் காகிள்ஸில் வேடிக்கை பார்த்தார். திடீரென்று கேமரா தானாகத் திரும்பியது. பழுதா?

பழுதில்லை, உங்கள் நண்பர் திரும்பியிருக்கிறார். காகிள்ஸில் ஹெட் டிராக்கிங் (தலை அசைவைப் பின்பற்றும் வசதி) ஆன் ஆகியிருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தலையைத் திருப்பினால் கிம்பல் (கேமராவைத் தாங்கும் பகுதி) மட்டும் திரும்பும். மற்றதில் ட்ரோனே திரும்பும். உங்களுக்கு வாய்த்தது முதல் வகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்ப்பவரிடம் கொடுக்கும் முன் மெனுவில் இரண்டையும் அணையுங்கள். காகிள்ஸின் பக்கத்தில் இருக்கும் தொடுபரப்பைத் தொடக் கூடாது என்றும் சொல்லுங்கள். காகிள்ஸைச் சரிசெய்யப் போகும் விரல் அங்கேதான் படும், ஏதாவது ஒரு மெனு திறக்கும்.

கேள்வி: காகிள்ஸ் 2, காகிள்ஸ் 3 இவற்றோடு டேப்லெட்டைச் சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் திசை தலைகீழ். அவாட்டா வகையில் படம் வந்து இறங்கும் இடம் காகிள்ஸ். அங்கிருந்துதான் டேப்லெட்டுக்குப் போகும். காகிள்ஸின் யூஎஸ்பி-சி துளையிலிருந்து ஓடிஜி கேபிள் (இரு கருவிகளை நேரடியாக இணைக்கும் யூஎஸ்பி கேபிள்) போட்டு, டேப்லெட்டில் டிஜேஐ ஃபிளை ஆப்பைத் திறந்தால் காட்சி வரும். காகிள்ஸ் 3-இல் வைஃபை வழியாகவும் பகிரலாம், கேபிளைவிடத் தாமதம் கூடும். பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட மட்டும் இது போதுமானது. டேப்லெட்டில் வருவதைப் பார்த்து யாரும் ஓட்டச் சொல்லித்தர வேண்டாம், அவர் சொல்லும் "திரும்பு" உங்களுக்குப் பிந்தித்தான் வரும்.

படம் வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் ஆகும் யூஎஸ்பி-சி கேபிள்கள் நிறைய உண்டு. அவற்றில் தகவல் போகாது.

கேள்வி: ஐம்பது வயது. தூரப் பார்வை நன்றாக இருக்கிறது, படிக்க மட்டும் +2 கண்ணாடி. காகிள்ஸில் எந்தக் கண்ணாடி போட வேண்டும்?

எதுவும் வேண்டாம். காகிள்ஸின் திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில் இருந்தாலும், நடுவே இருக்கும் லென்ஸ் அதைச் சில மீட்டருக்கு அப்பால் தெரிவது போல ஆக்கிவிடுகிறது. உங்கள் கண்ணுக்கு அது தூரப் பொருள். படிக்கும் கண்ணாடியோடு பார்த்தால்தான் மங்கும்.

சிக்கல் டேப்லெட்டில். காகிள்ஸைத் தூக்கிய உடனே டேப்லெட் எழுத்து மங்கலாக இருக்கும், +2 தேட வேண்டும். கழுத்தில் கயிற்றோடு மாட்டிக்கொள்ளுங்கள். அல்லது டேப்லெட்டைத் தள்ளி ஒரு முக்காலியில் வைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

கிட்டப் பார்வைக்காரர்களுக்குக் காகிள்ஸ் 2-இல் −8 முதல் +2 வரையும், காகிள்ஸ் 3-இல் −6 முதல் +2 வரையும் திருகி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிளஸ் பக்கக் கடைசியிலிருந்து மெதுவாக மைனஸ் பக்கம் திருகுங்கள். எழுத்து முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினாலும் கூர்மையாகத்தான் தெரியும், ஆனால் கண் தசை முறுக்கிக்கொண்டே இருக்கும், அரை மணியில் தலைவலி வரும். பிறகு கண்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சரிசெய்யுங்கள். இவ்விரண்டிலும் அது 56 முதல் 72 மில்லிமீட்டர் வரை. கருவிழி வளைவுக் குறை இருந்தால் திருகு உதவாது, தனி லென்ஸ் செருக வேண்டும்.

கேள்வி: வெயிலில் ஐபேட் இருபது நிமிடத்தில் மங்குகிறது. பிறகு சூடு என்று எச்சரிக்கை காட்டி நின்றுவிடுகிறது. ட்ரோன் விழுந்துவிடுமா?

விழாது. தனி ரிமோட் உள்ள ட்ரோனில் ஸ்டிக் கட்டளைக்கும் டேப்லெட்டுக்கும் சம்பந்தமில்லை. டேப்லெட்டே ரிமோட்டாக இருக்கும் வைஃபை ட்ரோன்கள் வேறு கதை.

ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 35 டிகிரி வரைதான். நேர் வெயிலில் அதைத் தாண்டுவது சுலபம். காகிள்ஸ் கண்ணில் இருக்கும்போது டேப்லெட் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டிய அவசியமே இல்லை, பாதியாகக் குறையுங்கள். உறையைக் கழற்றுங்கள். பின்பக்கம் காற்றுப் படட்டும். பறக்கும்போது வீடியோவை டேப்லெட்டிலும் சேமிக்கும் அமைப்பை அணையுங்கள், அசல் காட்சி ட்ரோனின் கார்டில் இருக்கிறது. ரிமோட்டிலிருந்து டேப்லெட்டுக்கு சார்ஜ் ஏறுவதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. வரைபடத்தில் உங்கள் இடம் தவறாகக் காட்டும். ட்ரோனின் இடம் சரியாக இருக்கும், ஏனென்றால் அது ட்ரோனின் ஜிபிஎஸ். ஆளைப் பின்தொடரும் வசதியையும், ஹோம் பாயின்ட்டை நீங்கள் நிற்கும் இடத்துக்கு மாற்றுவதையும் அந்த டேப்லெட்டை நம்பிச் செய்யாதீர்கள். வரைபடத்தை முன்னரே திறந்து சேமித்துக்கொள்ளுங்கள், மைதானத்தில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

கேள்வி: அனலாக் 5.8 கிகாஹெர்ட்ஸ் ட்ரோனில் டேப்லெட்?

அனலாக்கில் லிங்க் என்ற வேலையே இல்லை. அதே சேனலில் எத்தனை ரிசீவர் இருந்தாலும் அத்தனைக்கும் படம் வரும். டேப்லெட்டில் ஓடிஜி ரிசீவரைச் செருகி, காகிள்ஸின் சேனலையே வையுங்கள். ரேஸ்பேண்ட் என்ற சேனல் தொகுப்பில் 5658 முதல் 5917 மெகாஹெர்ட்ஸ் வரை 37 இடைவெளியில் எட்டு சேனல்கள். ஒன்று தள்ளி வைத்தாலும் பக்கத்தில் இருக்கும்போது படம் மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும், தூரம் போனதும் போய்விடும். ஐபேட் என்றால் யூஎஸ்பி-சி மாடலும் ஐபேட்ஓஎஸ் 17-உம் இருந்தால்தான் வெளி வீடியோவை ஏற்கும். ட்ரோனில் வலச்சுற்று (ஆர்எச்சிபி) ஆன்டெனா என்றால் இரு ரிசீவரிலும் வலச்சுற்றே இருக்க வேண்டும். ஆன்டெனா இல்லாமல் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், எரிந்துவிடும்.

கேள்வி: பறக்கும்போது காகிள்ஸ் திடீரென்று கறுத்துவிட்டால்?

ஜிபிஎஸ் முறையில் பறந்தால் ஸ்டிக்குகளை விடுங்கள், ட்ரோன் அங்கேயே மிதக்கும். மேனுவல் முறையில் விட்டால் விழும். டிஜேஐயின் எஃப்பிவி (காகிள்ஸ் பார்த்து ஓட்டும் வகை) ரிமோட்டில் பாஸ் (Pause) பட்டனை அழுத்தினால் பிரேக் பிடித்து மிதக்கும். விரல் அதைப் பார்க்காமலே கண்டுபிடிக்கப் பழகியிருக்க வேண்டும்.

பிறகு காகிள்ஸைத் தூக்கி, பார்வையாளரிடம் "எங்கே?" என்று கேளுங்கள். அவர் கை நீட்டிய திசையில் வானத்தைப் பார்த்துவிட்டு டேப்லெட்டுக்கு வாருங்கள். அங்கே படம் இருந்தால் கோளாறு காகிள்ஸில்: பேட்டரி, கேபிள், அல்லது நீங்கள் திரும்பி உட்கார்ந்ததால் உடம்பு மறைத்த ஆன்டெனா. டேப்லெட்டைப் பார்த்தே இறக்குங்கள். இரண்டிலும் படம் இல்லை, ஆனால் ரிமோட் இணைப்பு இருக்கிறது என்றால் ரிட்டர்ன் டு ஹோம் பட்டன். எல்லாமே போயிருந்தால் ட்ரோன் தானாகத் திரும்பும். அதற்கு நீங்கள் காலையில் வைத்த திரும்பும் உயரம், வழியில் உள்ள உயரமான மரத்தைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: காகிள்ஸ் திரையில் ஒரு மூலையில் மஞ்சளான புள்ளி, போகவே இல்லை.

வெயில் சுட்ட வடு. லென்ஸ் பக்கம் மேலே பார்க்க மேசையில் வைத்திருப்பீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் காகிதம் எரிவது போலச் சூரியன் திரையில் குவிந்திருக்கிறது. திரையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இனி கழற்றியதும் லென்ஸ் பக்கத்தைத் துணியால் மூடுங்கள், நெற்றியில் ஏற்றி வைக்கும்போதும்.